கேட்டுக்கும் தாருக்கும் நடுவே

வீட்டுப் பத்திரத்தை எடுத்து, சொத்து விவரத்தில் நான்குமால், அதாவது நான்கு பக்க எல்லை, எழுதியிருக்கும் வரிகளை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். 'தென்வடல் தெருவுக்கும் மேற்கு, கிழமேல் பாதைக்கும் வடக்கு' என்பது மாதிரி இருக்கும். எழுதியவர் ஒரு வார்த்தையையும் வீணாக்கவில்லை. தெருவுக்கு மேற்கே இருப்பதுதான் நம்முடையது, தெரு நம்முடையதல்ல. காலையில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிறோமே, அந்த இடம்கூடப் பத்திரப்படி பல வீடுகளில் சொத்துக்கு வெளியேதான் இருக்கிறது.

இது தெரியாதவர் யாருமில்லை. ஆனாலும் காம்பவுண்டு எழும்பி, கேட் மாட்டி, கார் வந்து நின்றதும் கொத்தனாரிடம் "வெளியில ஒரு சரிவு போட்டு விட்ருப்பா" என்று சொல்லிவிடுகிறோம். மிச்சமிருக்கும் ஜல்லியும் சிமெண்டும் அங்கே போய்ச் சேர்கின்றன. நாலடி, ஐந்தடி, சில இடங்களில் ஏழடி. மதுரையில் வில்லாபுரம், ஆனையூர், கூடல்நகர், திருநகர், கே.புதூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வோர் உயரத்தில் சரிவு. கட்டட வேலைகளோடு இருபது வருடத்துக்கு மேல் புழங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அஸ்திவாரத்துக்கும் கம்பிக்கும் பூச்சுக்கும் ஆயிரம் கேள்வி கேட்பவர்கள், இந்தச் சரிவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. தெருவில் தண்ணீர் தேங்குவதற்கும், சாக்கடை அடைப்பதற்கும், நடந்து போகிறவர் நடுரோட்டுக்குத் தள்ளப்படுவதற்கும் நான் பார்த்தவரை பெரும்பாலும் அங்கேதான் தொடக்கம்.

தார் போட்ட வரைக்கும்தான் ரோடு, அதற்கு இந்தப் பக்கம் இருக்கும் மண் தரை வீட்டைச் சேர்ந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அப்போது உத்தரப் பிரதேசத்தில் இருந்த மங்லௌர் நகராட்சி, தார்ச்சாலையை ஒட்டியிருந்த வெற்றிடத்தில் கட்டுமானம் எழுப்பப் பார்த்தபோது வந்த வழக்கில், 1964இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. பக்கத்தில் கொஞ்சம் நிலம் இல்லாமல் எந்தச் சாலையும் சாலையாக நிலைக்காது. தண்ணீர் வடியவும் சாலையைப் பராமரிக்கவும் அந்த நிலம் வேண்டும். ஆகவே அதுவும் பொதுப்பாதையின் பகுதிதான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சாலைக்குத் தேவைப்படாத எதையும் அந்த நிலத்தில் நகராட்சியே கட்ட முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். நகராட்சிக்கே இல்லாத உரிமை நமக்கு எங்கிருந்து வரும்?

அதே சமயம் நமக்கு உரிமையே இல்லை என்றும் ஆகிவிடாது. பொதுச் சாலையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர், தன் எல்லையிலிருந்து சாலைக்கு வந்து போவதை யாரும் மறிக்க முடியாது. நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்ட உரிமை இது. வீட்டு வாயிலை மறித்து இன்னொருவர் காரை நிறுத்துவதை 2017ஆம் ஆண்டின் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் தடை செய்வதும் இதே அடிப்படையில்தான். ஆனால் இது கடந்து போகும் உரிமை மட்டுமே. அந்த நாலடியைக் கடந்து போகலாம். அதைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது. இந்த ஒரு வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் மற்ற கேள்விகள் பெரும்பாலும் தாமாகவே அவிழ்ந்துவிடும். வண்டி ஏற ஒரு சரிவு வேண்டும், சரி. அந்தச் சரிவின் மேல் கிரானைட் ஒட்டி, இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர் எழுப்பி, சங்கிலி கட்டி, நாலு பூந்தொட்டி வைத்தால், கடந்து போவது அங்கேயே முடிந்து குடியிருப்பது தொடங்கிவிடுகிறது. 'நோ பார்க்கிங்' என்று எழுதி, பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் ஊற்றிக் கம்பு நட்டுத் தெருவில் வைப்பதும் அந்த வகைதான்.

தெருவின் அகலம் எவ்வளவு என்று சந்தேகம் வந்தால் வாக்குவாதம் தேவையில்லை. நகர நில அளவை வரைபடத்திலும், கிராமப் பகுதியென்றால் புலப்படத்திலும் அளவு இருக்கும். அனுமதி பெற்ற மனைப்பிரிவாக இருந்தால், மனை போட்டவர் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார். மனை வரைபடத்தில் 23 அடி, 30 அடி என்று அகலமும் போட்டிருக்கும். டேப்பைப் பிடித்துப் பார்த்தால் போதும். என் தெரு வரைபடத்தில் 23 அடி. இரண்டு பக்கச் சரிவுகளும் போக வண்டி ஓடும் அகலத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை அளந்தேன். பதினான்கு அடிதான் இருந்தது.

இதில் வீட்டுக்காரரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. சரிவு ஏன் உயர்ந்துகொண்டே போகிறது என்று கேட்டால், பெரும்பாலான தெருக்களில் பதில் ஒன்றுதான்: ரோடு உயர்ந்துகொண்டே போகிறது. ஒரு தார்ப் படலம் மட்டும் என்றால் 25 முதல் 40 மில்லிமீட்டர். பள்ளம் நிரவ அடியில் ஜல்லியும் கொட்டினால் ஒரே முறையில் நாலைந்து அங்குலம் ஏறிவிடும். மூன்று தடவை ரோடு போட்டால், முப்பது வருடத்துக்கு முன் மூன்று படி வைத்துக் கட்டிய வீடு தெருவோடு சமமாகிவிடும். அடுத்த தடவை வீடு பள்ளத்தில். என் பெற்றோர் வீட்டில் வாசற்படிகள் இரண்டு மண்ணுக்குள் போனதை நான் கண்ணால் பார்த்தேன். மழைக்காலத்தில் முதல் படியை ஒட்டித் தண்ணீர் நிற்கும்போது, வாசலில் நாலு சட்டி கான்கிரீட் போட்டுத் தடுப்பவரிடம் சட்டம் பேச எனக்கு மனம் வந்ததில்லை. 2021 மே மாதம், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய தார்ப் படலத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். வீடுகள் பள்ளத்தில் போவதைத் தடுப்பதுதான் அதன் நோக்கம். பெரிய சாலைகளில் சுரண்டும் இயந்திரம் வருகிறது. சந்துகளுக்கு அது நுழையுமா, ஒப்பந்ததாரர் கொண்டுவருவாரா என்பது தெருவுக்குத் தெரு மாறுகிறது. ரோடு போட ஆள் வரும் அன்றைக்கே கேட்க வேண்டிய கேள்வி இது. தார் ஆறிய பிறகு கேட்டுப் பிரயோசனமில்லை.

ரோட்டின் உடம்பைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் சரிவு என்ன செய்கிறது என்பது விளங்கும். தார்ச்சாலை தட்டையாக இருப்பதில்லை. நடுவில் லேசாகத் தூக்கி, இரண்டு ஓரத்துக்கும் சாய்வு கொடுத்திருப்பார்கள். பொதுவாக நாற்பது அடிக்கு ஓரடி. இருபதடி ரோட்டில் நடுவிலிருந்து ஓரம் பத்தடி. அப்படியானால் நடுவுக்கும் ஓரத்துக்கும் உயர வித்தியாசம் மூன்று அங்குலம். அந்த மூன்று அங்குலச் சாய்வை நம்பித்தான் தெருவின் மழைத் தண்ணீர் முழுவதும் தெருவோர வடிகாலான வாறுகாலுக்குப் போகிறது. நாம் போடும் சரிவின் முனை, தார் ஓரத்தின் மேல் ஏறி ஆறு அங்குலம் நிற்கிறது. அது ஒரு குட்டிக் கரை. அடுத்த வீட்டுச் சரிவு இன்னொரு கரை. இரண்டுக்கும் நடுவில் குளம். தாருக்குத் தண்ணீரைப் போல எதிரி கிடையாது. நின்ற தண்ணீர் உள்ளே இறங்கி ஜல்லியின் பிடியைத் தளர்த்தும், மேலே போகும் சக்கரம் அதைப் பெயர்த்துவிடும். ஆறு மாதத்தில் அங்கே பள்ளம். 'போட்ட ரோடு ஒரு மழை தாங்கல' என்று சொல்கிறோம். ஒப்பந்ததாரரின் குறை அதில் இருக்கலாம். நம் வாசல் சரிவின் பங்கும் அதில் இருக்கிறது.

ரோடும் வாறுகாலும் சேரும் இடம்தான் எல்லாவற்றிலும் மோசமானது. அதை ஒரே ஒரு நாளை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டு முன்னால் சாக்கடை பொங்கி நாலு நாளாக வழிந்துகொண்டிருந்தது. காலை ஏழு மணிக்குத் தூய்மைப் பணியாளர்கள் இரண்டு பேர் வந்தார்கள். மேலே இருந்த வாறுகாலில் மண்வெட்டி போட்டு இழுத்தால் கறுப்புச் சேறு வந்தது; கீழேயும் அப்படியே. அடைப்பு நடுவில், அந்த வீட்டுச் சரிவுக்கு அடியில். பதினான்கடி நீளத்துக்கு ஒரே சிலாப்பாக ஊற்றியிருந்தார்கள், திறந்து பார்க்க ஒரு மூடிகூட வைக்கவில்லை. மூங்கிலைப் பிளந்து நுழைத்துப் பார்த்தார்கள். ஆறடிக்கு மேல் போகவில்லை. வயதில் பெரியவர் குப்புறப் படுத்து, தலையைச் சாய்த்து, வாறுகாலின் வாய்க்குள் கையை முழங்கைக்கு மேல் விட்டார். உள்ளேயிருந்து வந்தவை: பாதித் தேங்காய்ச் சிரட்டை, இரண்டு பிராந்திப் பாட்டில், குழந்தைக்குக் கட்டிய டயாப்பர், ஒரு கந்தல் பனியன், மிச்சமான சிமெண்ட் கலவை கெட்டிப்பட்ட ஒரு கல். அந்தக் கல் சரிவு போட்ட அன்றைக்கு உள்ளே விழுந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

"சிலாப்பத் தூக்க முடியாதாண்ணே?" என்று கேட்டேன்.

"கடப்பாரை போட்டாலும் அசையாது சார். உடைச்சாத்தான். உடைச்சா வீட்டுக்காரரு சும்மா விடுவாரா?" என்றார், கையைத் துடைத்துக்கொண்டே.

அவர் சொன்னது கணக்குப்படியும் சரி. ஒரு கன அடி கான்கிரீட் ஏறக்குறைய 70 கிலோ. பதினான்கடி நீளம், இரண்டரை அடி அகலம், நாலு அங்குலக் கனம் என்றால் பதினொன்றரைக் கன அடிக்கு மேல் வருகிறது. எண்ணூறு கிலோவுக்கு மேலான பாறையை இரண்டு பேர் எப்படி அசைப்பார்கள்? அதே சிலாப்பை இரண்டடித் துண்டுகளாக வார்த்து, ஒவ்வொன்றிலும் இரண்டு இரும்பு வளையம் வைத்திருந்தால், ஒரு துண்டு சுமார் 117 கிலோ. கம்பியைக் கோத்து இரண்டு பேர் ஒருபக்கமாகப் புரட்டிவிடலாம். கார் ஏறுவதற்கும் அது தாங்கும், குறுக்கே கம்பி சரியாகக் கட்டியிருந்தால். செலவு வித்தியாசம் என்று பெரிதாக எதுவுமில்லை. அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

பாதாளச் சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. வாறுகால் மழைத் தண்ணீருக்கானது என்பது ஏட்டில். நிஜத்தில் செப்டிக் டேங்கின் வழிதலைக் குழாய் வைத்து வாறுகாலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். சமையலறைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் சேர்ந்துதான் அதில் ஓடுகின்றன. 2011இல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகளையும் சுற்றியிருந்த பேரூராட்சிகளையும் ஊராட்சிகளையும் சேர்த்து மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தது. அப்படிச் சேர்ந்த பகுதிகளில் பாதாளச் சாக்கடை இணைப்பு வருவதற்கு முன்பே வீடுகள் நெருங்கிவிட்டன. அந்த இடைவெளியில் வாறுகால் எல்லாவற்றையும் சுமந்தது. திறக்க முடியாத சிலாப்பை அதன் மேல் போடும்போது, அந்தக் கழிவுக்குள் ஒரு மனிதர் கையை விட்டுத் துழாவும்படி நாமே ஏற்பாடு செய்கிறோம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் வலிப்பது இதுதான். சட்டத்துக்காகவோ அபராதத்துக்காகவோ இல்லாவிட்டாலும் இந்த ஒன்றுக்காகவாவது சிலாப்பைத் துண்டு துண்டாகப் போட வேண்டும்.

2024 அக்டோபர் 25ஆம் தேதியை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே நாளில் 9.8 சென்டிமீட்டர் மழை, அதில் 4.5 சென்டிமீட்டர் பிற்பகலில் பதினைந்தே நிமிடத்தில் கொட்டியது. செல்லூர், நரிமேடு, பந்தல்குடி கால்வாயை ஒட்டிய பகுதிகள் என்று வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. கண்மாய்கள் நிறைந்ததும் கால்வாய்களின் நிலையும் பெரிய காரணங்கள்; அவற்றை ஒரு வீட்டுச் சரிவின் மேல் ஏற்றிச் சொல்வது பொய்யாகும். ஆனால் கால்வாய்க்குத் தண்ணீர் வந்து சேர்வது தெரு வாறுகால் வழியாகத்தான். 1,200 சதுர அடி மனையில் பதினைந்து நிமிடத்தில் 4.5 சென்டிமீட்டர் பெய்தால் ஐயாயிரம் லிட்டர். தெருவில் நாற்பது வீடு இருந்தால் இரண்டு லட்சம் லிட்டர், ரோட்டின் மேல் பெய்தது தனி. இதில் ஒரு பங்கையாவது வீட்டுக்குள்ளேயே நிறுத்துவதற்குத்தான் 2003இல் தமிழகம் முழுக்க மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். அப்போது தோண்டிய குழிகள் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன. மொட்டைமாடிக் குழாயை நேராகத் தெருவுக்குத் திருப்பிவிட்டு, வாறுகாலின் வாயை மறிக்கும் சரிவையும் அங்கேயே கட்டுவதில் எந்தக் கணக்கும் பொருந்தவில்லை.

சட்டப்படி நிலைமை என்ன? மதுரைக்கு 1971ஆம் ஆண்டின் தனி மாநகராட்சிச் சட்டம் இருந்தது. 2023 ஏப்ரல் முதல், 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023ஆம் ஆண்டின் விதிகளும் அதன் இடத்துக்கு வந்துவிட்டன. பெயர் மாறினாலும் அடிப்படை மாறவில்லை: பொதுத் தெருக்கள் உள்ளாட்சியின் பொறுப்பில் இருப்பவை, அவற்றில் நீட்டிக்கொண்டிருப்பதை அகற்றச் சொல்லவும், அகற்றாவிட்டால் தானே அகற்றிச் செலவை வசூலிக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. பொதுவழியில் தடையோ ஆபத்தோ ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவில் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது இருநூறு ரூபாயாக இருந்தது. பொதுவழித் தடையை நீக்கச் சொல்லிக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கவும் வழி இருக்கிறது. முன்பு 133ஆம் பிரிவு என்று வக்கீல்கள் சொல்வார்கள், இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152.

இன்னொன்றைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கட்டடங்களை இடிப்பதற்கு முன் பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. "பதினஞ்சு நாள் கொடுக்காம என் படியில கை வைக்க முடியாது" என்று ஒருவர் என்னிடமே வாதாடினார். அதே தீர்ப்பில் சாலை, தெரு, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் இருக்கும் அனுமதியற்ற கட்டுமானங்களுக்கு அந்த நெறிமுறை பொருந்தாது என்றும் எழுதியிருக்கிறது. வாசலுக்கு வெளியே இருக்கும் படியும் சரிவும் அதில்தான் வருகின்றன. சொத்துவரி ரசீதும் மின் இணைப்பும் தெருவில் நமக்கு உரிமை தருவதில்லை.

சரி, கார் எப்படித்தான் ஏறுவது? சரிவை உள்ளே போடுங்கள். கேட்டை ரோட்டு மட்டத்தில் வைத்து, கேட்டுக்கு உள்ளே போர்டிகோ வரை ஏற்றிக்கொண்டு போவதுதான் சரியான முறை. காருக்கு எட்டுக்கு ஒன்று என்ற சாய்வு வசதியானது: இரண்டடி ஏற வேண்டுமென்றால் பதினாறடி நீளம் வேண்டும். இருபதுக்கு அறுபது மனையில் இது முடியும், வரைபடம் போடும்போதே சொல்லிவிட்டால். கட்டிய பிறகு சொன்னால் முடியாது. அதனால்தான் அந்தப் பதினாறடியை நாலடியாக்கித் தெருவில் செங்குத்தாக இறக்குகிறோம், கார் அடிவயிறு இடிக்கிறது, பிறகு அதை ஏழடியாக நீட்டுகிறோம். சக்கர நாற்காலியில் வருகிறவர் ஏற வேண்டுமென்றால் பன்னிரண்டுக்கு ஒன்று சாய்வு வேண்டும். பழைய வீடு, உள்ளே இடமே இல்லை என்றால், வாறுகாலின் மேல் மட்டும் எடுத்து வைக்கும்படியான இரும்புச் சட்டமோ துண்டுச் சிலாப்போ போட்டு, முனை தார் ஓரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் குறைந்தபட்ச நியாயம். அதையும் வார்டு உதவிப் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம். நடைபாதை இருக்கும் சாலையென்றால் விஷயமே வேறு. அங்கே வண்டிதான் மெதுவாக நடைபாதை மட்டத்துக்கு ஏற வேண்டும், வீட்டுக்கு வீடு நடைபாதையை வெட்டி இறக்கக் கூடாது. வெட்டி இறக்கியதை ஒவ்வொரு கேட்டுக்கும் ஏறி இறங்கிப் பாருங்கள், மூட்டுவலி உள்ள ஒரு அம்மாவோடு.

தெருவில் மணலும் ஜல்லியும் கொட்டி வைப்பது, கட்டட இடிபாட்டை ஓரமாகத் தள்ளிவிடுவது, காய்ந்த இலையைக் கூட்டி வாறுகாலில் தள்ளுவது எல்லாமே வாசல் பொறுப்பைச் சேர்ந்தவை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், தன் வளாகத்துக்கு வெளியே தெருவிலோ வாறுகாலிலோ குப்பை போடுவதையும் எரிப்பதையும் தடை செய்தன. வாசல் வேம்பு நாம் நட்டதாகவே இருந்தாலும், தெருவில் நிற்கிறவரை பொதுமரம்தான். அதை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும்.

கடைவீதிகளில் வேறொரு வழக்கம் இருக்கிறது. கடைக்கு முன்னால் இருக்கும் நடைபாதையில் பூவோ பழமோ விற்பவரிடம் சில கடைக்காரர்கள் தினவாடகை வாங்குகிறார்கள். தன்னுடையதல்லாத இடத்துக்கு வாடகை வாங்க யாருக்கும் உரிமையில்லை. தெரு வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அவர்கள் எங்கே விற்கலாம் என்று முடிவுசெய்ய விற்பனைக் குழு இருக்கிறது. பாக்கு மட்டையில் மல்லிகைப்பூ வைத்து உட்கார்ந்திருக்கும் பாட்டி கொடுக்கும் ஐம்பது ரூபாய் மாநகராட்சிக்கும் போவதில்லை, நியாயத்துக்கும் போவதில்லை.

மதுரையின் வீதிகள் ஏதோ தற்செயலாக உருவானவை அல்ல. 1840களை ஒட்டி ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க முடிவெடுத்தபோது, இடித்துத் தூர்க்கும் வேலையைச் செய்பவர்களுக்கே அங்கே நிலம் என்று ஏற்பாடு செய்தார். வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படி எழுந்தவை. அங்கே நிலம் என்பது செய்ய வேண்டிய வேலையோடு சேர்ந்தே கைக்கு வந்தது. மாசி வீதிகளில் சித்திரைத் தேர் இன்றும் அசைந்து திரும்புவதற்கு, இத்தனை காலமும் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் வழியை விட்டு வைத்திருப்பதுதான் காரணம். தேருக்கு விடுகிற வழியை ஆம்புலன்ஸுக்கும் விடலாம்.

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் போனால் சாலையோரப் பிரச்சினைக்கு வேறு முகம். அறுவடைக் காலத்தில் நெல்லையும் சோளத்தையும் ரோட்டில் காயப்போட்டு, சுற்றிலும் கல்லை வைக்கிறார்கள். களம் போதாத ஊரில் விவசாயி வேறென்ன செய்வார் என்று தோன்றும். ஆனால் இரவில் அந்தக் கல்லில் ஏறி விழுந்த பைக்குகளை நான் பார்த்திருக்கிறேன். தானியத்தை அள்ளும்போது கல்லையும் அள்ளிவிடுவது அவர் கையில் இருக்கிறது. நான்குவழிச் சாலையை ஒட்டி நிலம் இருந்து, அங்கே ஓட்டலோ பெட்ரோல் பங்கோ வைக்க நினைத்தால், நெடுஞ்சாலைத் துறையின் அனுமதியில்லாமல் சாலைக்கு வழி திறக்க முடியாது. தடுப்பை உடைத்து வழி வைப்பது உயிரோடு விளையாடுவது.

மாநகராட்சிக்கும் நாம் திருப்பிக் கேட்க வேண்டியவை இருக்கின்றன. குழாய்க்காகவும் பாதாளச் சாக்கடைக்காகவும் தோண்டிய தெருவை மட்டம் பார்த்து மூட வேண்டும். வாறுகால் கட்டும்போது வீட்டு வாசல் மட்டத்தைப் பார்த்துக் கட்ட வேண்டும். ரோட்டை விட உயரமாக வாறுகால் கட்டிய தெருக்களும் இருக்கின்றன, அதற்குள் தண்ணீர் எப்படி ஏறும்? மாநகராட்சி கட்டிய சிலாப்பு உடைந்தால் மாற்ற வேண்டியது அதன் வேலை. நாம் போட்ட சிலாப்பு உடைந்தால் நம் வேலை. நம் சரிவில் வழுக்கி ஒருவர் கால் ஒடிந்தால், நஷ்டஈடு கேட்டு நம்மேல் உரிமையியல் வழக்குத் தொடர அவருக்கு இடமிருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எங்கள் தெரு மூன்றாவது வீட்டுக்காரர் கோபக்காரர் என்று பெயர் எடுத்தவர். பணியாளர் படுத்துக் கையை விட்டதை அவர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எதுவும் பேசவில்லை. அடுத்த வாரம் நான் போனபோது சிலாப்பு உடைந்து கிடந்தது. கொத்தனார் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, நீங்க சொன்ன அளவுதான? ரெண்டடி?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "ரெண்டடிதாண்ணே, வளையம் மட்டும் உள்பக்கம் கம்பியோட சேத்துக் கட்டச் சொல்லுங்க" என்றேன். ஏழு துண்டு. நன்றாக இறுகிய பிறகு வரிசை மாறாமல் இருக்க, ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயிண்டில் ஒன்றிலிருந்து ஏழு வரை எண் போட்டு வைத்திருக்கிறார். சரிவின் முனையையும் தார் ஓரத்திலிருந்து ஓரடி உள்ளே இழுத்துவிட்டார். ஐப்பசி மழைக்கு முன்னால் அதே இரண்டு பணியாளர்கள் வந்து நான்காம் எண்ணைப் புரட்டி, அரைமணி நேரத்தில் மண்வெட்டியாலேயே அள்ளிவிட்டு, திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள்.